ஓசூருக்கு வேண்டியது வாடகை வீடு

ஓசூரில் மனை விலையை முடிவு செய்வது ஓசூர் அல்ல. சுமார் நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூரு. அங்கே வாங்கக் கட்டுப்படியாகாதவர் அத்திப்பள்ளியைத் தாண்டி இந்தப் பக்கம் வருகிறார். அவர் கொடுக்கத் துணியும் தொகையே ஊரின் விலையாகிவிடுகிறது. ஆலையில் ஷிப்டு பார்ப்பவரின் சம்பளத்துக்கும் அந்த விலைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அடுத்த பத்து பதினைந்து ஆண்டுகளில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று ஆலைகள் வரிசையாக வந்தன. 2001இல் 84,394 ஆக இருந்த நகராட்சியின் மக்கள்தொகை 2011இல் 1,16,821 ஆனது. 2019இல் ஊர் மாநகராட்சியாகவும் உயர்ந்தது. இப்போது மின்னணு ஆலைகளின் காலம். வெளியூர்களிலிருந்து ஆயிரக்கணக்கில் இளம்பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். ஆனால் வேலை வந்த வேகத்தில் வீடு வரவில்லை. வந்ததெல்லாம் மனைப்பிரிவுகள். ரோஜாவும் காய்கறியும் விளைந்த நிலத்தில் கல் நட்டு, முகப்பில் ஒரு வளைவும் வைத்துவிட்டால் நகர் தயார். அங்கே குடியிருப்போரைவிடப் புல்லே அதிகம்.

ஓசூர் விமான நிலைய அறிவிப்பு இதற்கு நெய் வார்த்தது. 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு மூன்று கோடிப் பயணிகளைக் கையாளும் நிலையம் என்று 2024 ஜூனில் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தமோ, 2033 வரை 150 கிலோமீட்டர் தொலைவுக்குள் போட்டி நிலையம் வருவதைக் கட்டுப்படுத்துகிறது. மனை விற்பவரின் துண்டறிக்கையில் முதல் செய்தி மட்டுமே இருக்கும். இரண்டாவதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு அரசுக்கு உண்டு.

விலை எவ்வளவு ஏறியது என்பதை அரசுப் பதிவேட்டை வைத்துச் சொல்வதும் எளிதல்ல. 2017 ஜூனில் தமிழகம் முழுவதும் வழிகாட்டி மதிப்பு 33 சதவீதம் குறைக்கப்பட்டது. பதிவுக் கட்டணம் ஒன்றிலிருந்து நான்கு சதவீதமானது. 2023 ஏப்ரலில் பழைய மதிப்பு திரும்பியது, கட்டணம் இரண்டு சதவீதமானது. பத்திரத்தில் தெரியும் இந்த இறக்கமும் ஏற்றமும் ஆணைகளின் விளைவு. சந்தையின் விளைவு அல்ல. தேசிய வீட்டுவசதி வங்கியின் விலைக் குறியீடு 50 நகரங்களைப் பின்தொடர்கிறது, அவற்றில் ஓசூர் இல்லை. எஞ்சுவது தரகர் சொல்லும் விலைதான்.

விலையைப் போலவே வீடுகளின் எண்ணிக்கையும் முழுக் கதையைச் சொல்வதில்லை. 2011 கணக்கெடுப்பில் நாட்டின் நகர்ப்புறங்களில் மட்டும் சுமார் 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடந்தன. மறு ஆண்டே மத்திய அரசு அமைத்த குழு, நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறை 1.88 கோடி என்றது; அதில் 95 சதவீதத்துக்கும் மேல் நலிந்த பிரிவினர், குறைந்த வருவாய்ப் பிரிவினரின் பற்றாக்குறை. பூட்டிய வீடும் வீடில்லாத குடும்பமும் ஒரே தெருவில் இருக்கலாம் என்பதே இதன் பொருள்.

எனவே மேலும் மேலும் மனைப்பிரிவுகளுக்கு அனுமதி தருவது தீர்வாகாது. சொந்த வீட்டுக் கடன் சலுகையும் ஓரளவுக்கு மேல் உதவாது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு வங்கி இருபது ஆண்டுக் கடன் தருவதில்லை. அவர் லைன் வீட்டில் குடியிருக்கிறார், அல்லது ஓர் அறையை நான்கு பேரோடு பங்கிடுகிறார். இதில் வீட்டுக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நல்ல வீடு கட்டி வாடகைக்கு விட்டால் போட்ட முதலுக்கு வங்கி வட்டிகூடத் தேறாது. அதே இடத்தில் ஆறு சிறு அறைகள் கட்டினால் கணக்கு சரியாகிறது. அந்தக் கணக்கை மாற்ற அரசால்தான் முடியும்.

வழி தெரியாமலும் இல்லை. ஶ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் தொழிலாளர் குடியிருப்பை சிப்காட் 2024இல் திறந்தது. ஓசூருக்கும் அது வேண்டும். ஆனால் அது விடுதி. இன்று கட்டிலில் படுப்பவர் நாளை மணமாகிக் குழந்தையோடு வருவார். அவருக்கு ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் என்று ஒரு வீடு வேண்டும். வீட்டுவசதி வாரியம் கட்டி விற்றுவிட்டு ஒதுங்காமல், ஓசூரில் கட்டும் வீடுகளில் ஒரு பகுதியை நிரந்தர வாடகைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஆலைக்கு நிலம் ஒதுக்கும்போதே குடியிருப்புக்கும் சிப்காட் நிலம் ஒதுக்க வேண்டும். பணியாளர் எண்ணிக்கைக்கேற்ப நிறுவனமும் செலவில் பங்கேற்க வேண்டும்.

நிலத்தைப் பூட்டிவைப்போருக்கு அது இலவசமாக இருக்கக் கூடாது. காலிமனை வரி சட்டத்தில் இருக்கிறது. அதை முழுமையாக வசூலித்து, ஐந்தாண்டுக்கு மேல் கட்டாத மனைக்கு விகிதத்தை உயர்த்தலாம். ஓய்வுக்காலச் சேமிப்பாக ஒரே ஒரு மனை வைத்திருக்கும் குடும்பத்துக்கு விலக்கு தரலாம். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரை வாடகைதாரரிடம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பதும் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம் சொல்வதே. பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் பெங்களூருப் பழக்கம் ஓசூரில் வேர்விடும் முன், வாடகை ஒப்பந்தங்களைப் பதிவு செய்யும் முகாம்களை மாவட்ட நிர்வாகம் ஆலை வாசல்களிலேயே நடத்த வேண்டும்.