ஒரு ட்ரிப் தாங்குமா?

டயர் வெடித்தது, லாரி கட்டுப்பாட்டை இழந்தது, தடுப்பைத் தாண்டி எதிரே வந்த கார் மீது மோதியது. இந்த மாதிரிச் செய்தியை எத்தனை தடவை படித்திருப்போம்! அதில் வினை செய்கிற எல்லாமே ரப்பரும் இரும்பும்தான். மனிதர் யாரும் எதையும் செய்வதில்லை. கடைசி வரியில் மட்டும் ஓட்டுநரைப் போலீஸார் விசாரிப்பார்கள். மூன்று நாளைக்கு முன்னால் அந்த டயரை ஒட்டி ஓட்டுவதா, தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டுவதா என்று போனில் ஒரு நிமிஷம் பேசி முடிவெடுத்த ஆள் செய்தியில் வரவே மாட்டார். எனக்கு அந்த ஒரு நிமிஷத்தின் மேல்தான் கோபம்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பேச்சு மனப்பாடமாகத் தெரியும். லாரி எங்கோ சோலாப்பூர் தாண்டி நிற்கும்.

"ஓனருங்க, பின்னாடி டயரு சைடுல வெட்டு வாங்கிருச்சுங்க. உள்ள கம்பி தெரியுது."

"பஞ்சர் கடைக்காரன் என்ன சொல்றான்?"

"உள்ள துண்டு வெச்சு ஓட்டலாம்ங்கறானுங்க."

"ஒரு ட்ரிப் தாங்குமா?"

"தாங்குமுங்க."

இந்தத் 'தாங்குமுங்க' டயரைப் பற்றிய தகவலே இல்லை. முதலாளி எந்தப் பதிலை எதிர்பார்க்கிறார் என்று தெரிந்துகொண்ட ஒருவர் சொல்லும் பதில் அது. 'தாங்காதுங்க' என்று சொன்னால் அடுத்து என்ன வரும் என்பது டிரைவருக்குத் தெரியும். எப்படி ஓட்டினாய், எங்கே ஏற்றினாய், கல்லைப் பார்த்து ஓட்ட மாட்டாயா என்று விசாரணை ஆரம்பிக்கும். இருபதாயிரத்தைத் தாண்டும் ஒரு புது டயருக்கான குற்றவாளியாக அவர் நிற்க வேண்டியிருக்கும். தாங்கும் என்று சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த டயருக்கு மேலே உட்கார்ந்து ஆயிரம் கிலோமீட்டர் வரப்போவது அவரும் கூட இருக்கும் கிளீனரும்தான்.

எது ஒட்டக்கூடிய டயர், எது கூடாத டயர் என்பதில் பெரிய மர்மம் கிடையாது. தரையில் படும் பகுதியில் ஆணி ஏறிய ஓட்டை, சுமார் 10 மில்லிமீட்டருக்குள் இருந்தால், டயரை ரிம்மிலிருந்து கழற்றி, உள்பக்கம் தேய்த்து, ஓட்டையை அடைத்து, மேலே பேட்ச் போட்டால் அது நிஜமாகவே சரியாகிவிடும். அதைவிடப் பெரிய காயத்துக்கு ரோட்டோரம் கதையாகாது, ரீட்ரெட் பட்டறைக்குப் போக வேண்டும். பக்கச்சுவரில் வெட்டு என்றால் விஷயமே வேறு. வண்டி ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் வளைந்து நிமிரும் இடம் அது.

துண்டு வைத்து ஓட்டும் வித்தை நைலான் டயர் காலத்தது. நைலான் டயரில் பல அடுக்கு நூல் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கிடக்கும். ஓர் இடத்தில் அறுந்தால் பக்கத்து அடுக்குகள் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். பழைய டிரைவர்கள் உள்ளே ஒரு பழைய டயர்த் துண்டை வெட்டி வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்த கதைகளெல்லாம் உண்மைதான். ஆனால் லாரி ரேடியலின் பக்கச்சுவரில் சுமையைத் தாங்குவது ஒரே அடுக்கு எஃகுக் கம்பி. ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை ஓடும் அந்தக் கம்பிகளில் நாலைந்து அறுந்தால் பக்கத்தில் இருப்பவைதான் பாரம் சுமக்க வேண்டும். வெட்டு வழியே ஈரம் இறங்கினால் துரு உள்ளுக்குள் நகர்ந்துகொண்டே போகும். வெளியே ஒன்றும் தெரியாது. நைலான் காலத்து அனுபவத்தை வைத்துக்கொண்டு ரேடியலுக்குத் தீர்ப்புச் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களை 'அனுபவஸ்தர்' என்று வேறு சொல்கிறோம்.

இதைவிட மோசமானது காற்றில்லாமல் ஓடிய டயர். பின்பக்கம் ஜோடியாக மாட்டியிருப்பதால் உள் டயர் காற்றிழந்தால் வெளியே பார்த்து லேசில் கண்டுபிடிக்க முடியாது. நல்ல டிரைவர்கள் டீ குடிக்க நிறுத்தும்போது கம்பியால் ஒவ்வொன்றாகத் தட்டி, சத்தத்தில் கண்டுபிடிப்பார்கள். தட்டாமல் விட்டால் அந்த டயர் நசுங்கியபடியே ஓடி, வளைந்து வளைந்து எஃகுக் கம்பிகள் களைத்து முறிந்திருக்கும். ஆணியைப் பிடுங்கி ஓட்டையை அடைத்துவிட்டுத் திரும்ப 110 பாயிண்ட் காற்றை ஏற்றும்போது பக்கச்சுவர் ஜிப்பைத் திறந்த மாதிரி நீளமாகக் கிழியும். அப்போது பக்கத்தில் இருப்பது முதலாளியும் டிரைவரும் அல்ல, குத்த வைத்துக் காற்று பிடிக்கும் பையன். அமெரிக்காவில் லாரி டயருக்குக் காற்றேற்றும்போது அதைக் கம்பிக் கூண்டுக்குள் வைக்க வேண்டும், ஆள் தள்ளி நிற்க வேண்டும் என்று தொழிலாளர் பாதுகாப்பு விதியே இருக்கிறது. நம் பைபாஸ் ஓரக் கடைகளில் எத்தனை கூண்டுகளைப் பார்த்திருக்கிறீர்கள்? எங்கள் ஊர்க் கடை ஒன்றில் வேலை பார்த்த அண்ணன் ஒருவருக்கு இடது காது கேட்காது. யாரும் காரணம் கேட்பதில்லை. தொழில் அப்படி என்பார்கள்.

இதைப் படித்துவிட்டு 'அப்ப எல்லாமே புதுசு வாங்கணும்' என்று யாராவது சொன்னால் அவர்களோடும் எனக்குச் சண்டைதான். நீங்கள் ஏறும் விமானம் தரையிறங்குவது பெரும்பாலும் ரீட்ரெட் செய்த டயர்களில். ஒரே டயருக்குப் பல முறை பட்டன் போட்டு ஓட்டுகிறார்கள். நல்ல கேசிங்கைத் தூக்கிப் போட்டுப் புதுசு வாங்குவது ரப்பருக்கும் எஃகுக்கும் எண்ணெய்க்கும் செய்யும் பாவம், சின்ன ஓனருக்கு அது தற்கொலை. முன் அச்சில் புதுசு, அது தேய்ந்தால் பின்னுக்கு, பின்னே தேய்ந்தால் பட்டன் போட்டு மறுபடி பின்னுக்கே என்று சுற்றில் ஓட்டும் ஷெட்கள் இங்கே நிறைய உண்டு. தப்பே இல்லை. புதுசா பழசா என்பது இங்கே கேள்வியே அல்ல. கழற்றி, வெளிச்சத்தில் வைத்து, உள்பக்கம் தடவிப் பார்த்தார்களா? உள்ளே மடிப்பு விழுந்திருக்கிறதா, ரப்பர் தூள் உதிர்ந்து கிடக்கிறதா? விமான டயருக்கு இது நடக்கிறது. சோலாப்பூரில் நிற்கும் லாரிக்குப் போனில் நடப்பது வேறு.

நம் வாசிப்புச் சூழலுக்கும் ஒரு வார்த்தை. பழுதுபார்த்தலைக் கொண்டாடுவது இப்போது ஒரு மோஸ்தர். உடைந்த கிண்ணத்தைத் தங்கத்தால் ஒட்டும் ஜப்பானியக் கலையின் படத்தைப் பகிர்கிறோம். எதையும் ஒட்டி ஓட்டிவிடும் 'நம்ம ஊர் மூளை'யை மெச்சிக் கட்டுரை எழுதுகிறோம். கிண்ணத்துக்குள் 110 பாயிண்ட் காற்று இல்லை சார், அதன் மேல் மூன்று டன் இல்லை. ஒட்டுப்போட்ட பொருளின் அழகைப் பேசுகிறவர் அந்தப் பொருளின் மேல் உட்கார்ந்து ஆந்திரா தாண்டிப் போகிறவராக இருந்தால் கேட்டுக்கொள்ளலாம். வறுமையின் நிர்ப்பந்தத்தைப் படைப்பூக்கம் என்று பெயர் மாற்றுவது ஓனருக்கு ரொம்ப வசதி.

ஓனரையே திட்டிக்கொண்டிருக்கவும் முடியாது. எங்கள் பக்கம் ஓனரே டிரைவராக இருக்கும் ஒற்றை லாரிக்காரர்கள் உண்டு. பணம் கொடுப்பவரும் அவர்தான், சாகப்போகிறவரும் அவர்தான். அவரும் 'ஒரு ட்ரிப் தாங்கும்' என்றுதான் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். பத்தாம் தேதி டியூ கட்ட வேண்டும். சரக்கு ஏற்றிவிடும் கம்பெனி வாடகையைப் பேசும்போது டீசல் கணக்குப் பார்க்கும், டோல் கணக்குப் பார்க்கும், டயர் தேய்மானம் என்று ஒரு பேச்சே எடுக்காது. 2018-இல் மத்திய அரசு அச்சுச் சுமையின் வரம்பை உயர்த்தியது. நாலு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன் ஆனது. ஒரு டயருக்குக் கிட்டத்தட்ட 2.9 டன். ஜோடியில் ஒன்று காற்றிழந்தால் மற்றது அதன் இரட்டிப்பைச் சுமக்கும். இது சட்டப்படியான பாரம். ஓவர்லோடுக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு 20,000 ரூபாயும், கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாயும் அபராதம். அதை வழியில் கட்டப்போவதும் லாரிதான். ஏற்றச் சொன்ன கம்பெனி ரசீதோடு ஒதுங்கிக்கொள்ளும்.

அதனால் வாடகையில் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று டயருக்குத் தனியாக எழுத வேண்டும். டீசலுக்கு எழுதுகிறார்கள் இல்லையா? டயர் ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு ஒரு நோட்டு வேண்டும். எப்போது மாட்டியது, எத்தனை பேட்ச், எத்தனை முறை பட்டன், எங்கேயாவது காற்றில்லாமல் ஓடியதா என்று அதில் இருக்க வேண்டும். நாற்பது பக்க நோட்டு போதும், ஆப் எல்லாம் வேண்டாம். டிரைவர் 'இதில் ஓட்ட மாட்டேன்' என்றால் அந்த டயர் அதோடு முடிந்தது, விசாரணை கிடையாது என்று ஒரு வழக்கம் வர வேண்டும். பொய் சொல்லி டயரை மாற்றிவிடுவார்கள் என்று ஓனர்கள் பயப்படுகிறார்கள். கழற்றிய டயர் ஷெட்டுக்குத்தானே வருகிறது, வெட்டிப் பார்த்துக்கொள்ளட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஸ்டெப்னி. சட்டப்படி லாரி டயரில் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஆனால் நாமக்கல்லிலிருந்து கிளம்பும் எத்தனை லாரிகளில் ஸ்டெப்னி என்ற பெயரில் மொட்டை டயர் தொங்குகிறது என்று பைபாஸில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். அதை மாட்டி ஓட்ட முடியாது என்பது அதைத் தொங்கவிட்டவருக்கே தெரியும். அப்படிக் கிளம்பிய லாரி சோலாப்பூரில் நின்று 'ஒட்டலாமா, மாத்தலாமா' என்று கேட்கும்போது மாற்றுவதற்கு அதனிடம் ஒன்றும் இல்லை. பதில் ஷெட்டிலேயே, லோடு ஏற்றும் முன்பே சொல்லப்பட்டுவிட்டது. டிரைவரிடம் போனில் கேட்பது ஒரு மரியாதைக்காக. பின்னால் ஏதாவது ஆனால் 'அவன்தான் தாங்கும்னான்' என்று சொல்வதற்கும் ஆகும்.