பெர்சிக்கு முட்டி கிடையாது

ஆறடி மூணு அங்குல மனுஷனை ஒரு ஃபார்முலா ஸ்டூடண்ட் காருக்குள்ள ஏத்துறது எப்படின்னு தெரியுமா? சொல்றேன், நோட் பண்ணிக்கோங்க.

முதல்ல ஸ்டீயரிங்கைக் கழட்டணும். சீட் மேல ஏறி நின்னு, ரெண்டு காலையும் உள்ளே நீட்டணும். இடுப்பு இறங்கும்போது முட்டி டேஷ்போர்டுல இடிக்கும், அதை வெளிப்பக்கமா மடக்கணும். இப்ப தோள் மாட்டும். ஒரு தோளைத் தூக்கி, இன்னொரு தோளை இறக்கி, மூச்சை அடக்கணும். கடைசியா ஸ்டீயரிங்கை மாட்டினா, அது ரெண்டு முட்டிக்கும் நடுவுல பத்திரமா உட்கார்ந்துக்கும். கார் ரெடி. ஒரே ஒரு குறை, ஸ்டீயரிங் திரும்பாது.

இதெல்லாம் எங்க டீம்ல நடந்தது. ஆளோட பேர் வேண்டாம், நாங்க 'பனைமரம்'னுதான் கூப்பிடுவோம். கோ-கார்ட் டிராக்குல எங்க எல்லாரையும் விட வேகமா ஓட்டுறவன் அவன்தான். ஆனா காரை நாங்க டிசைன் பண்ணினது, அஞ்சடி நாலு அங்குலத்துல இருந்த இன்னொரு டிரைவரை உட்கார வெச்சு. ஆள் சின்னதா இருந்தா கார் சின்னதாகும், எடை குறையும், வேகம் கூடும். கணக்கு என்னமோ சரிதான்.

"ரூல் புக்ல இதுக்கு எதுவும் இல்லையா?"ன்னு கேப்பீங்க. இருக்கே! அதுக்குப் பேர் பெர்சி. ஒரு சராசரி ஆளைவிடப் பெரிய ஆம்பளைக்கான தட்டையான டெம்ப்ளேட். இடுப்புக்கு 200 மில்லிமீட்டர் வட்டம், தோளுக்கு இன்னொரு 200, ஹெல்மெட் போட்ட தலைக்கு 300. இடுப்புக்கும் தோளுக்கும் நடுவுல 490, தோளுக்கும் தலைக்கும் நடுவுல 280. இடுப்பு வட்டத்துல இருந்து பெடல் வரைக்கும் குறைஞ்சது 915. ஹெல்மெட்டுக்கு மேல, ரெண்டு ரோல் ஹூப்பையும் சேர்க்கிற கோட்டுக்குக் கீழே 50 மில்லிமீட்டராவது இடைவெளி வேணும். பெர்சி உள்ளே உட்கார்ந்தா பாஸ்.

எங்க கார்லயும் பெர்சி ஜம்முனு உட்கார்ந்தான். ஏன் உட்கார மாட்டான்? அவனுக்கு முட்டி கிடையாது. தோள்பட்டைக்கு அகலம் கிடையாது. பன்னிரண்டாம் நம்பர் ஷூ கிடையாது. இங்கதான் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. வேலூர்ல இருந்து ஒரு மணி நேரம் பஸ்ல போனா ஆம்பூர். உலகத்துக்கே ஷூ தைக்கிற ஊர். பனைமரம் காலுக்கு அங்க ஷூ கிடைச்சிடும், அந்த ஷூவுக்கு எங்க பெடல் பாக்ஸ்லதான் இடம் கிடைக்கல. பிரேக்கை மிதிச்சா ஆக்சிலரேட்டரும் சேர்ந்து வரும்.

சிரிச்சு முடிச்சாச்சா? இப்ப சீரியஸ் பகுதி. அதே ரூல் புக்ல இன்னொண்ணு இருக்கு. பெல்ட், ஹெல்மெட் எல்லாம் மாட்டி, கை ஸ்டீயரிங் மேல இருக்கிற நிலையில இருந்து, ஒவ்வொரு டிரைவரும் 5 விநாடிக்குள்ள காரை விட்டு வெளியே வந்து நிக்கணும். கார்ல தீப்பிடிச்சா அவ்வளவுதான் நேரம். பனைமரத்துக்கு 11 விநாடி ஆச்சு. நாலு தடவை ட்ரை பண்ணினான், முட்டியில தோல் உரிஞ்சதுதான் மிச்சம். அப்புறம் அவனே ஸ்டாப்வாட்சை வாங்கிக்கிட்டு, "நான் டைமிங் பாத்துக்கிறேன்டா"ன்னு ஓரமா போய் நின்னான். எங்க டீமோட பெஸ்ட் டிரைவர் டிராக்குக்கு வெளியே நின்னதுக்கு அவன் உயரமா காரணம்? இல்லைங்க. நாங்க டேப் எடுத்து அவனை ஒரு தடவை கூட அளக்காததுதான் காரணம்.

"95 பர்சன்டைல் வரைக்கும்தானே ரூல், அதுக்கு மேல இருக்கிறவனுக்கு நாங்க என்ன பண்றது?"ன்னு டீம்ல ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்விதான். முகம் தெரியாத லட்சம் பேருக்கு கார் செய்யுறவங்க எங்கயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆகணும். ஆனா நம்ம கார்ல உட்காரப் போறது நாலஞ்சு பேர். அவங்க பக்கத்து பெஞ்சுலயே உட்கார்ந்திருக்காங்க. ரூல் சொல்றது குறைந்தபட்சம். அதோட நிறுத்திக்கணும்னு எங்கயும் சொல்லல.

பெரிய ஆளுங்க என்ன பண்ணினாங்கன்னு பாருங்க. ஃபோர்டு ஜிடி40 காரோட பேர்ல இருக்கிற 40, அதோட உயரம். நாற்பதே அங்குலம், நம்ம இடுப்பளவு! அந்த வரிசையில வந்த மார்க் 4 காரை 1967 லீ மான் ரேஸ்ல ஓட்ட வந்த டான் கர்னி நெடுநெடுன்னு உயரம். ஹெல்மெட் கூரையில இடிச்சது. டிரைவரை மாத்தலாம்னு யாரும் சொல்லல. கூரையில அவர் தலைக்கு மேல ஒரு புடைப்பை உண்டாக்கினாங்க. கர்னியும் ஏ.ஜே. ஃபாய்ட்டும் அந்த வருஷம் ரேஸையே ஜெயிச்சாங்க. ஃபார்முலா ஒன்லயும் 2019-ல டிரைவர், சீட் ரெண்டுக்கும் சேர்த்து குறைஞ்சது 80 கிலோன்னு விதி வந்துச்சு. உயரமான டிரைவருங்க எடை குறைக்கப் பட்டினி கிடக்கிற நிலைமைக்கு அது ஒரு பதில்.

ரொம்ப தூரம் போக வேண்டாம்னா, நம்ம தோல் தொழிலையே எடுத்துக்கோங்க. இவ்வளவு நாளா நாம போடுற ஷூ சைஸ் பெரும்பாலும் பிரிட்டிஷ் நம்பர். சென்னை அடையாறுல இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர்ல ஆரம்பிச்சு, நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல ஆளுங்களோட பாதத்தை அளந்துச்சு. நம்ம பாதம் பொதுவா அகலம் அதிகம்னு தெரிஞ்சது. அதை வெச்சு 'பா'ங்கிற புது சைஸ் முறையை முன்மொழிஞ்சாங்க. "உன் கால்தான் சரியில்லை"ன்னு சொல்றதுக்குப் பதிலா, காலை அளந்தாங்க. இவ்வளவுதான் விஷயம்.

அடுத்த வருஷம் கார் செய்யப் போற ஜூனியர்ஸ், உங்களுக்குத்தான் இது. சாலிட்வொர்க்ஸ் திறக்கிறதுக்கு முன்னாடி டீம் மொத்தத்தையும் சுவரோரமா நிக்க வெச்சு அளந்துடுங்க. உயரமானவனை மட்டும் இல்ல, பிரேக் எட்டாம முதுகுக்குத் தலையணை வெச்சுக்கிற பொண்ணையும் சேர்த்து. பெடல் பாக்ஸை ஒரே இடத்துல வெல்ட் பண்ணாதீங்க, வரிசையா ஓட்டை போட்ட ரெயில்ல மாட்டுங்க. எடை கொஞ்சம் கூடும், கூடட்டும். பழைய பிவிசி பைப்பை வெட்டி ஒரு டம்மி காக்பிட் கட்டி, எல்லாரையும் ஏத்தி இறக்கிப் பாருங்க. செலவு ஒரு பிரியாணி பார்ட்டியைத் தாண்டாது.

ஸ்டாப்வாட்ச் பிடிக்க வேற யாரையாவது பாத்துக்கலாம். அடுத்த பனைமரத்தை ஓட்ட விடுங்க.