கார்ட்டூன் படத்தில் காசு வருமா?



டிப்ளமோ முடித்ததும் அனிமேஷன் வேலைக்குப் போகலாம் என்று இருக்கிறேன் என வீட்டில் சொன்னேன். அப்பா குத்தகை நிலத்தில் வாழை போடுகிறவர். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான் என்பதால், நான் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பார். அன்றும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி தம்பி, போட்ட காசு திரும்பி வருமா?" என்றார்.

நியாயமான கேள்வி. குறைந்த செலவில் எடுக்கும் முழுநீளக் கார்ட்டூன் படம் லாபம் தருமா? தரும் என்பதே என் தாழ்மையான கருத்து. ஆனால் அந்தச் செலவு எப்படிக் குறைந்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் ஒன்று. வசூல் வேறு, லாபம் வேறு. மண்டியில் தார் என்ன விலைக்குப் போனது என்பது ஒரு கணக்கு. வண்டி வாடகை, கூலி, கமிஷன் எல்லாம் போக அப்பா கையில் என்ன நின்றது என்பது இன்னொரு கணக்கு. சினிமாவும் அப்படித்தான். டிக்கெட் பணத்தில் ஏறக்குறைய பாதி தியேட்டருக்குப் போய்விடும். மிச்சத்தில் விநியோகஸ்தர் பங்கு, விளம்பரச் செலவு. பேப்பரில் வரும் வசூல் தொகையைப் பார்த்து மயங்கக் கூடாது.

இப்போது இரண்டு அமெரிக்கப் படங்களைப் பார்ப்போம். 2002-ல் டிஸ்னி எடுத்த 'ட்ரெஷர் பிளானட்' படத்துக்கு 14 கோடி டாலர் செலவு. உலக வசூல் சுமார் 11 கோடி டாலர். பெரும் நஷ்டம். 2005-ல் வந்த 'ஹூட்விங்க்ட்' படத்துக்கு 80 லட்சம் டாலர்கூட ஆகவில்லை. அதன் உலக வசூலும் சுமார் 11 கோடி டாலர்தான்! ஏறக்குறைய ஒரே வசூல். ஒருவருக்கு நஷ்டம், ஒருவருக்குக் கொள்ளை லாபம். 'ஹூட்விங்க்ட்' படத்தின் உருவங்கள் பார்க்க அவ்வளவு நேர்த்தியாக இருக்காது. ஆனால் சிவப்புக் குல்லாய்ச் சிறுமி கதையைப் போலீஸ் விசாரணையாக மாற்றி, ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சாட்சி சொல்வது போலக் கதை பண்ணியிருந்தார்கள். ஜனங்கள் கதைக்காகச் சிரித்தார்கள்.

அடுத்தது, 2024-ல் வந்த 'ஃப்ளோ'. லாட்வியா என்ற குட்டி நாட்டைச் சேர்ந்த கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் எடுத்தது. வெள்ளத்தில் ஒரு பூனையும் வேறு சில பிராணிகளும் ஒரே படகில் போகிற கதை. செலவு சுமார் 35 லட்சம் யூரோ. வசூல் 3 கோடி டாலரைத் தாண்டியது. 2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதும் வாங்கியது.

எப்படி முடிந்தது? படத்தில் வசனமே கிடையாது. நடிகர் சம்பளமும் டப்பிங்கும் இல்லை. எந்த நாட்டிலும் அப்படியே ஓட்டலாம். பூனையின் உடம்பில் ஒவ்வொரு முடியாகக் காட்டவில்லை. தூரிகையால் தீட்டியது போல விட்டுவிட்டார்கள். பயன்படுத்தியது பிளெண்டர் என்கிற இலவச மென்பொருள். ஒரு ஃபிரேமை உருவாக்கப் பத்து விநாடிக்கு மேல் ஆகவில்லையாம்.

இதை நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 85 நிமிடப் படம், விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் மொத்தம் 1,22,400 ஃபிரேம். ஃபிரேமுக்குப் பத்து விநாடி என்றால் ஒரே கணிப்பொறியில் 14 நாளில் முடிந்துவிடும். ஃபிரேமுக்கு ஒரு மணி நேரம் என்றால்? 14 வருஷம்! பெரிய ஸ்டுடியோக்களில் ஒரு ஃபிரேமுக்குப் பல மணி நேரம்கூட ஆவதுண்டு. நூற்றுக்கணக்கான கணிப்பொறிகள் வைத்திருப்பவர்களுக்கு அது கட்டுப்படியாகும். நம்மைப் போன்றவர்கள் விரலுக்குத் தகுந்த வீக்கம்தான் வைத்துக்கொள்ள வேண்டும். பெரிய படத்தை மலிவாகக் காப்பியடித்தால் தோல்விதான். கையில் இருப்பதற்கு ஏற்றபடி கதையையே வெட்டித் தைத்தால் ஜெயிக்கலாம்.

ஆனால் ஒரு உண்மையை மறைக்கக் கூடாது. 'ஃப்ளோ' வேலை ஐந்து வருஷத்துக்கு மேல் நடந்தது. வாழை ஒரு வருஷத்தில் தார் தள்ளிவிடும். அதற்கே அப்பா மாதம் மூணு வட்டிக்கு வாங்கித் திணறுகிறார். அதே வட்டியில் ஐந்து வருஷம் படம் எடுத்தால், நூறு ரூபாய் அசலுக்கு 180 ரூபாய் வட்டியே ஆகிவிடும். 'ஃப்ளோ' அப்படி வட்டிக்கு வாங்கி எடுத்த படம் இல்லை. லாட்வியா, பிரான்ஸ், பெல்ஜியம் மூன்று நாடுகளும் சேர்ந்து தயாரித்தன. அரசாங்கத் திரைப்பட நிதிகள் கை கொடுத்தன. அந்தத் தெம்பு இல்லாதவர், எவ்வளவு திறமை இருந்தாலும் பாதியில் நிற்க வேண்டியதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களுக்கு முந்தைய செட் அண்ணன் ஒருவர் ஒரு சின்ன அனிமேஷன் கம்பெனியில் சேர்ந்தார். மூன்று மாதம் சம்பளம் தரவில்லை. "படம் ரிலீஸ் ஆகட்டும்" என்றார்களாம். படம் ரிலீஸ் ஆகவே இல்லை. இதையும் 'லோ பட்ஜெட்' என்றுதான் சொல்கிறார்கள்! கதையில், முடியில், மென்பொருளில் மிச்சம் பிடிப்பது கெட்டிக்காரத்தனம். வேலை செய்தவன் வயிற்றில் மிச்சம் பிடிப்பது கெட்டிக்காரத்தனம் ஆகாது. அந்தக் கூலியையும் சேர்த்து எழுதிய பிறகும் மிஞ்சினால்தான் அது லாபம்.

ஆகவே நண்பர்களே, எடுத்தவுடன் இரண்டு மணி நேரப் படத்துக்கு ஆசைப்பட வேண்டாம். ஸில்பலோடிஸும் முதலில் 'அவே' (2019) என்ற படத்தைத் தனி ஆளாகச் செய்து தொழில் பழகியவர்தான். நம் லேபில் கணிப்பொறி இருக்கிறது, பிளெண்டர் இலவசம். இந்த வருஷ பிராஜெக்டாக மூன்று நிமிடப் படம் ஒன்றை நாம் ஏன் செய்யக் கூடாது? அரசும் சிறிய அனிமேஷன் படங்களுக்கு வட்டியில்லாக் கடன் தர முன்வர வேண்டும்.

அப்பாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "வரும்ப்பா. ஆனா வாழை மாதிரி ஒரு வருஷத்துல வராது."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப கடன் வாங்காம ஆரம்பி" என்றார்.

— இறுதியாண்டு மாணவன், கணிப்பொறியியல் துறை