தணிக்கையாளரைத் தேர்வு செய்வது யார்?

2003 ஜனவரி 21 அன்று, கல்பாக்கத்தில் உள்ள அணு எரிபொருள் மறுசெயலாக்க ஆலையின் கழிவுத் தொட்டியில் மாதிரி எடுக்க ஊழியர்கள் போனார்கள். அதில் இருப்பது கதிரியக்கம் குறைந்த திரவம் என்று நம்பித்தான் போனார்கள். ஆனால் ஒரு வால்வு பழுதாகி, உயர் கதிரியக்கக் கழிவு அந்தத் தொட்டிக்குள் வந்திருந்தது. வால்வு கெட்டதைக் காட்டும் ஏற்பாடும் அங்கே இல்லை, கதிர்வீச்சு ஏறினால் எச்சரிக்கும் கருவியும் இல்லை. ஊழியர் ஒருவருக்கு ஆண்டு உச்சவரம்பு 30 மில்லிசீவர்ட். அன்று ஆறு பேர் உடலில் ஏறியது 280 முதல் 420 வரை. செய்தி வெளியுலகுக்கு வர ஏறத்தாழ ஆறு மாதம் ஆயிற்று. இந்திய அணுசக்தி வரலாற்றின் மிக மோசமான கதிர்வீச்சு விபத்து இது என்று பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநரே பிறகு ஒப்புக்கொண்டார்.

அந்த ஆலையை நடத்துவது பாபா மையம். விபத்துக்கு மூன்று ஆண்டுக்கும் குறைவான காலத்துக்கு முன்பு, 2000 ஏப்ரலில், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் மேற்பார்வையிலிருந்து அம்மையத்தின் நிலையங்களை அரசு விலக்கிவிட்டது. பாதுகாப்பைச் சோதிக்கும் பொறுப்பு மையத்தின் உள்குழுவுக்கே போனது. வாரியம் இருந்திருந்தால் விபத்து நடந்தே இருக்காது என்று நாம் அடித்துச் சொல்லவில்லை. ஆனால், எச்சரிக்கைக் கருவி எங்கே என்பதுதான் வெளியிலிருந்து வரும் எந்த நிபுணரும் அங்கே கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும். உள்ளேயே இருப்பவர்களுக்கு ஒரு பொருள் இல்லாததும் பழகிப்போய்விடுகிறது.

நாட்டின் பாதுகாப்பு சார்ந்த ஆய்வுகளை வெளியாருக்குத் திறந்துவிட முடியாது என்பார்கள். ஆனால் அமெரிக்காவின் முதல் அணுகுண்டைச் செய்த லாஸ் அலமோஸ் ஆய்வகத்தையே வெளித் தணிக்கைக்குத் திறக்க முடிந்திருக்கிறது. அங்கே காற்றில் கலக்கும் கதிரியக்கம் சட்டப்படி அளக்கப்படவில்லை என்று சாண்டா ஃபே நகரின் குடிமக்கள் அமைப்பு ஒன்று 1994இல் வழக்குத் தொடுத்தது. தூய காற்றுச் சட்டம் மீறப்பட்டது உண்மை என்று 1996இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1997இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி ஜான் டில் தலைமையிலான அறிவியலாளர் குழு தணிக்கைக்கு வந்தது. அந்தத் தணிக்கை சரியாக நடக்கிறதா என்று மக்கள் தரப்பில் பார்க்க அர்ஜுன் மகிஜானியின் ஆய்வு நிறுவனம் அமர்த்தப்பட்டது.

முதல் தணிக்கை 1996ஆம் ஆண்டின் பதிவுகளை ஆராய்ந்து, ஆய்வகம் சட்டத்தின்படி நடக்கவில்லை என்றது. குறைகள் திருத்தப்பட்டன. 2001க்கான தணிக்கை, ஆய்வகம் சட்டப்படி நடந்திருக்கிறது என்று முடிவு சொன்னது. முதல் முடிவைச் சொன்ன அதே குழு சொன்னதால்தான் இந்த முடிவுக்கு மதிப்பு. ஆய்வகம் தானே எத்தனை அறிக்கை விட்டிருந்தாலும் இந்த மதிப்பு வந்திருக்காது. நல்ல தணிக்கை ஆய்வகத்துக்குப் பகையல்ல. நேர்மையாக வேலை செய்யும் விஞ்ஞானிக்கு அதைவிடப் பெரிய துணை வேறில்லை.

கண்காணிப்பவருக்குச் சுதந்திரம் உண்டா என்ற கேள்வி நம் நாட்டிலும் எழுந்தது. ஒழுங்குமுறை வாரியத்துக்குப் போதிய சுதந்திரமோ அதிகாரமோ இல்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2012 அறிக்கை எடுத்துக்காட்டியது. வாரியம் பதில் சொல்ல வேண்டியிருந்தது அணுசக்தி ஆணையத்திடம். ஆணையத்தின் தலைவரோ அணுசக்தித் துறையின் செயலாளர். கண்காணிக்கப்படும் துறையின் தலைமையிடமே கண்காணிப்பவர் கணக்கு ஒப்புவிக்கும் நிலை. புதிய ஒழுங்குமுறை ஆணையம் அமைப்பதற்காக 2011இல் வந்த மசோதா, அந்த மக்களவையின் காலம் முடிந்தபோது நிறைவேறாமலே காலாவதியானது.

நாம் கேட்பவை இவை. பாபா மையத்தின் நிலையங்கள் உட்பட எல்லா அணு ஆய்வு நிலையங்களும் வெளித் தணிக்கைக்குள் வர வேண்டும். தணிக்கையாளரை நியமிக்கும் உரிமை அணுசக்தித் துறைக்கு இருக்கக் கூடாது. அது நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் அமைப்பிடம் இருக்க வேண்டும். ஊழியர் சங்கமும் சுற்றுவட்டார மக்களும் தங்களுக்கு நம்பிக்கையான ஓர் அறிவியலாளரை அந்தக் குழுவில் அமர்த்த வழி வேண்டும். ஆயுத ரகசியங்களை மட்டும் நீக்கிவிட்டு, அறிக்கை தமிழிலும் வெளிவர வேண்டும். கல்பாக்கம் ஆலையில் இறங்கி வேலை செய்பவர்களும், அதன் காற்றைச் சுவாசித்துப் பக்கத்துக் கடலில் மீன் பிடிப்பவர்களும் அதைப் படித்துக் கேள்வி கேட்கும் உரிமை உள்ளவர்கள்.