சோப்பு செய்பவருக்கு எக்செல் போதும்

வீட்டில் சோப்பு தயாரித்து விற்பவர்கள் பலர், கம்ப்யூட்டர் வாங்கியவுடன் கேட்பது, "இந்தக் கணக்கு வைக்க ஏதாவது சாப்ட்வேர் இருக்கிறதா?" என்பதுதான். இருக்கிறது. நானும் சாப்ட்வேர் எழுதிச் சம்பளம் வாங்குபவன்தான். ஆனாலும் மாதத்திற்கு ஏழெட்டு பேட்ச் செய்பவர் அதற்குப் பணம் கட்டத் தேவையில்லை என்பது என் கருத்து. எக்செல் போதும். அதுவும் இல்லை என்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். ஆனால் அதில் எதைப் பதிவு செய்கிறீர்கள் என்பதைச் சற்று யோசித்துச் செய்திட வேண்டும்.

வழக்கமாக என்ன நடக்கிறது? ஒரே ஒரு ஒர்க்ஷீட். அதில் தேங்காய் எண்ணெய் 600 கிராம், ஆலிவ் எண்ணெய் 300 கிராம், விளக்கெண்ணெய் 100 கிராம் என்று செய்முறை இருக்கும். ஒரு கிராம் எண்ணெய் சோப்பாக மாற எத்தனை கிராம் காஸ்டிக் சோடா வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு எண்ணெய்க்கும் ஓர் எண் உண்டு. தேங்காய்க்கு 0.183, ஆலிவுக்கு 0.135, விளக்கெண்ணெய்க்கு 0.128. பெருக்கிக் கூட்டினால் 163.1 கிராம். கொஞ்சம் எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சினால்தான் தோலுக்கு இதமாக இருக்கும் என்பதால் 5 சதவீதம் குறைத்து 154.9 கிராம். எக்செல் இதை நொடியில் தந்துவிடும். அடுத்த முறை அதே செல்களில் புது எண்களை டைப் செய்து சேவ் செய்துவிடுவார்கள். போன மாதம் செய்தது என்ன என்பது அத்தோடு அழிந்துவிடும்.

சாம்பார் வைக்கும் முறை வேறு, நேற்று வைத்த சாம்பார் வேறு அல்லவா? நேற்றைய பருப்பு சரியில்லை என்றால் செய்முறையைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. சாம்பாராவது அன்றே தெரிந்துவிடும். காய்ச்சாமல் செய்யும் சோப்பு 4 முதல் 6 வாரம் காய வேண்டும். எண்ணெய் கெட்டுப்போய் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் வருவதற்கு இன்னும் சில மாதங்கள்கூட ஆகலாம். அதற்குள் அந்த எண்ணெய் டின் காயலான் கடைக்குப் போயிருக்கும். வாங்கியவர் போன் செய்து "தோல் எரிகிறது" என்கிறார். உங்களிடம் பதிவு இருந்தால் அந்த பேட்ச்சில் வந்த 12 கட்டிகளை மட்டும் திரும்பக் கேட்கலாம். இல்லாவிட்டால் விற்றது எல்லாவற்றையும் கேட்க வேண்டும், அல்லது பேசாமல் இருக்க வேண்டும். பேசாமல் இருப்பது குழந்தைகள் குளிக்கும் பொருளில் நியாயமில்லை.

எனவே மூன்று ஒர்க்ஷீட் வைத்துக் கொள்ளுங்கள். முதலாவது, வாங்கியது. ஒவ்வொரு டின்னுக்கும், பாட்டிலுக்கும் நீங்களே ஓர் எண் கொடுத்து அதன் மேலும் எழுதி ஒட்டிவிடுங்கள். கடை, விலை, எடை, காலாவதித் தேதி, திறந்த தேதி ஆகியவை வேண்டும். திறந்த தேதி எதற்கு என்று கேட்கலாம். காஸ்டிக் சோடா காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். சரியாக மூடாத டப்பாவில் இருந்து 154.9 கிராம் எடுத்தால், அதில் ஒரு பகுதி தண்ணீராக இருக்கும். சோப்பு பிசுபிசுவென்று வரும். காரணம் செய்முறையில் இல்லை, டப்பாவில் இருக்கிறது.

இரண்டாவது, செய்தது. இங்குதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். ஒவ்வொரு எண்ணெய்க்கும் ஒரு காலம் என்று அமைக்காதீர்கள். பழைய டின்னில் 200 கிராம், புதிய டின்னில் 400 கிராம் என்று ஊற்றும் நாளில் அது உதவாது. ஒரு பேட்ச்சில் ஒரு டின்னுக்கு ஒரு வரிசை போடுங்கள். பேட்ச் எண், டின் எண், எடை. வாசனை எண்ணெய்க்கும் நிறத்துக்கும் இதேதான். தராசு 156 காட்டினால் 156 என்றே டைப் செய்திடுங்கள். செய்முறையைப் பார்த்து 154.9 என்று நிரப்பினால் அந்தப் பதிவினால் பயனே இல்லை. இப்படி அமைத்தால் சம்இப் பார்முலா கொண்டு எந்த டின்னில் எவ்வளவு மீதி என்றும் அறியலாம். டேட்டா பிரிவில் பில்டர் கிளிக் செய்து ஒரு டின் எண்ணைத் தேர்ந்தெடுத்தால், அது கலந்த பேட்ச் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

மூன்றாவது, எந்த பேட்ச் யாருக்குப் போனது என்பது. இதில் சொல்ல அதிகம் இல்லை.

பேட்ச் எண்ணில் ஒரு எச்சரிக்கை. ஆங்கில மாதப் பெயரோடு மார்ச்1 என்பது போல எண் கொடுத்தால் எக்செல் அதைத் தேதியாக மாற்றிவிடும். இந்தத் தொல்லையால் மனித ஜீன்கள் சிலவற்றின் பெயரையே 2020ல் விஞ்ஞானிகள் மாற்றினார்கள் என்றால் பாருங்கள்! அந்தக் காலம் முழுவதையும் முதலிலேயே பார்மட் செல்ஸ் சென்று டெக்ஸ்ட் என அமைத்திடுங்கள்.

விற்பனைக்குத் தயாரிப்பவர்கள் 2020ம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி உரிமம் பெற வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். அப்போதும் இந்தப் பதிவு கைகொடுக்கும்.

காஸ்டிக் சோடா பட்ட கையுறையோடு கீ போர்டைத் தொடாதீர்கள். தராசு அருகே ஒரு நோட்டில் எழுதி, இரவில் டைப் செய்தால் போதும். டைப் செய்து முடித்தவுடன் பைலை பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்து, கம்ப்யூட்டர் இருக்கும் அறையில் இல்லாமல் வேறு இடத்தில் வையுங்கள். நோட்டையும் தூக்கி எறிய வேண்டாம்.