பெயர் தெரியாத பொருளை யார் கேட்டு வாங்குவார்கள்?



கொஞ்சம் நீளமான பதிவுதான். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது நிதானமாகப் படியுங்கள்.

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், வல்லம் வடகால், ஒரகடம் என்று என்னிடம் படித்தவர்கள் எங்கெங்கோ வேலை செய்கிறீர்கள். பாதிப் பேருக்கு ஒப்பந்த வேலை. அது முடிவதற்குள் வேறு ஏதாவது கற்றுக்கொண்டு மேலே போக வேண்டும் என்ற தவிப்பு எல்லோருக்கும் இருக்கிறது. அதற்காக டிசைன் கோர்ஸ் சேர்கிறீர்கள். கட்டணம் கட்ட வீட்டில் நகை அடகுக் கடைக்குப் போகிறது. வீட்டில் பழகிப் பார்க்க, யாரோ பென் டிரைவில் கொடுத்த 'கிராக்' பிரதி. கூடவே வைரஸும் இலவசம்!

"காசு இருந்தால்தான் சார் கம்ப்யூட்டர் படிப்பு" என்று ஒரு மாணவன் எழுதியிருந்தான். நான் அப்படி நினைக்கவில்லை. காசை விடப் பெரிய தடை, நல்ல மென்பொருள் நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதே நமக்குத் தெரியாததுதான்.

மெக்கானிக்கல் பாகங்களை முப்பரிமாணத்தில் வரைய ஃப்ரீகேட் இருக்கிறது. பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு 2024 நவம்பரில் அதன் 1.0 பதிப்பு வந்தது. இரு பரிமாண வரைபடத்துக்கு லிப்ரேகேட். எலெக்ட்ரானிக்ஸ் பிரிவில் இருப்பவர்களுக்கு சர்க்யூட் போர்டு வடிவமைக்க கைகேட். ஐரோப்பாவின் செர்ன் அணு ஆய்வகமே அதன் வளர்ச்சிக்குக் கைகொடுத்தது. கணக்கு வழக்குக்கும் கடிதத்துக்கும் லிப்ரே ஆபீஸ். எல்லாமே கட்டற்ற மென்பொருள்கள். ஓட்டலாம், நண்பனுக்கு நகல் கொடுக்கலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். எதற்கும் யாரிடமும் பயப்பட வேண்டாம்.

ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல் என்பதால் அவர்கள் குழம்புகிறார்கள். நமக்குத் தமிழில் 'இலவசம்' வேறு, 'கட்டற்றது' வேறு. ஆனாலும் 'இலவசம்' என்றதும் மட்டமான சரக்கு என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். உங்கள் ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடுவது லினக்ஸ். 1991-இல் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் தொடங்கியது அது. நீங்கள் படம் பார்க்கும் வி.எல்.சி.யும் பாரிஸில் ஒரு கல்லூரி மாணவர்கள் தொடங்கியதுதான். மட்டமான சரக்கா இவை?

பிறகு ஏன் தெரிவதில்லை? விலைக்கு விற்கும் மென்பொருளுக்கு ஏஜென்ட் உண்டு, விளம்பரம் உண்டு, கல்லூரிக்கு வந்து பேசும் ஆள் உண்டு. கட்டற்ற மென்பொருள் போர்டு இல்லாத மெஸ் மாதிரி. ஒரகடத்துக்குப் புதிதாக வரும் பையனுக்கு அந்த மெஸ்ஸை ஒரு சீனியர்தான் காட்ட வேண்டும். சொல்ல ஆள் இல்லாவிட்டால், பக்கத்துத் தெருவில் நல்ல சாப்பாடு இருக்க, அவன் பேக்கரியில் பன்னைத் தின்றுவிட்டுப் படுப்பான்.

நம் ஊர் உதாரணம் ஒன்று சொல்கிறேன். 2011-இல் தமிழக அரசு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது அது. திறந்ததும் இரண்டு பெயர்கள் வரும். பெரும்பாலான பிள்ளைகள் தெரிந்த பெயரைத்தான் தொட்டார்கள். அதே காலத்தில் கேரளப் பள்ளிகளிலும் லினக்ஸ்தான். ஆனால் அங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பாடநூலையே அதை வைத்து எழுதினார்கள். பிள்ளைகள் சரளமாகப் பழகினார்கள். இரண்டு இடத்திலும் லினக்ஸ் இருந்தது. அறிமுகம் செய்துவைக்க ஆள் இருந்தது ஓரிடத்தில்தான்.

அந்த வேலையைத் தமிழில் செய்பவர்களும் இருக்கிறார்கள். காஞ்சிபுரத்தில் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. த. சீனிவாசனும் நண்பர்களும் 2012 ஜனவரியில் 'கணியம்' என்ற மின்னிதழைத் தொடங்கி, கட்டற்ற மென்பொருள்களைப் பற்றி எளிய தமிழில் எழுதி வருகிறார்கள். யார் வேண்டுமானாலும் நகலெடுத்துப் பகிரலாம் என்ற உரிமத்தோடுதான் வெளியிடுகிறார்கள். மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் தமிழிலேயே பேசிச் சொல்லித்தரும் சிறு வீடியோக்கள் உண்டு. காஞ்சிபுரம் நமக்கு ஒரு பஸ் தூரம். ஆனாலும் நம் தொழிற்பேட்டைப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர்கள் தெரியும்?

"சித்தப்பா, கம்பெனியில் ஃப்ரீகேட் யாரும் கேட்பதில்லையே" என்றான் என் அண்ணன் மகன். நியாயமான கேள்வி. பெரிய கார் கம்பெனிகள் பயன்படுத்தும் மென்பொருளுக்கு இது முழு மாற்று இல்லை. இன்டர்வியூவில் அவர்கள் கேட்கும் பெயரையும் நீ கற்றுத்தான் ஆக வேண்டும். ஆனால் ஒரு பாகத்தை மனதில் திருப்பிப் பார்ப்பது, அளவு குறிப்பது, ஒரு கோட்டை இன்னொன்றோடு கட்டுப்படுத்துவது எல்லாம் எந்த மென்பொருளிலும் ஒன்றுதான். அதை வீட்டில் காசில்லாமல் ஆறு மாதம் பழகிவிட்டுப் போனால், கோர்ஸில் பாதிச் சுமை குறையும். கட்டணம் கட்டுவதற்கு முன்பே, இந்த வேலை நமக்குப் பிடிக்கிறதா என்றும் தெரிந்துவிடும். அடகுக் கடைக்குப் போகும் முன் இது தெரிவது சின்ன விஷயமா?

இன்னொன்று. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. பழைய மடிக்கணினிகள் பலவற்றில் அடுத்த பதிப்பு ஏறாது. பரணில் கிடக்கும் அவற்றை எடைக்குப் போடாதீர்கள். லினக்ஸ் மின்ட் எக்ஸ்.எஃப்.சி.இ. போன்ற இலகுவான லினக்ஸைப் போட்டால் தங்கைக்கோ தம்பிக்கோ படிக்க உதவும்.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் பயன்படுத்தும் ஒரே ஒரு கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுதுங்கள். இலக்கியம் வேண்டாம். எந்த வேலைக்கு உதவும், எதற்கு உதவாது, எத்தனை ஜி.பி. ராம் வேண்டும், அதிகாரப்பூர்வத் தளம் எது, முதல் அரை மணி நேரத்தில் என்ன செய்து பார்க்கலாம். இவை இருந்தால் போதும். குறையை மறைக்காமல் எழுதுங்கள். அப்போதுதான் அடுத்த முறை நீங்கள் சொல்வதை நம்புவார்கள். போனில் படிக்கும்படி சுருக்கமாக இருக்கட்டும். வல்லம் வடகாலில் 2024-இல் திறந்த பெண் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். அங்கிருக்கும் பிள்ளைகளில் பலர் கையில் இருப்பது போன்தான்.

எழுதியதை எனக்கு அனுப்புங்கள். பிழை திருத்தித் தருகிறேன். ஓய்வு பெற்றாலும் சிவப்புப் பேனா இன்னும் காயவில்லை. பிறகு உங்கள் லைன் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். இருபது பேர் எழுதினால் இருபது மெஸ்களுக்கு வழி தெரிந்துவிடும்.

வாழ்க வளமுடன்.