ரேடியோ புகழ்

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையிலும் திருவிழா நோட்டீஸிலும் நாதஸ்வரக்காரர் பெயருக்கு முன்னால் 'ரேடியோ புகழ்' என்று அச்சடிப்பார்கள். ஒருமுறை ஆகாசவாணியில் வாசித்திருந்தால் போதும், ஆயுசுக்கும் அந்தப் பட்டம் ஒட்டிக்கொள்ளும். ஆடிஷனில் கிடைத்தது பி கிரேடாகத்தான் இருக்கும். ஆனாலும் கடத்தூர் வெற்றிலைச் சந்தைக்குள் அவர் நடந்தால் நாலு பேர் வணக்கம் சொல்வார்கள், சம்பளமும் கொஞ்சம் கூடும்.

சான்பிரான்சிஸ்கோ கல்லூரி வானொலி ஒன்றின் கதையைப் படித்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது. சான்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் நடத்திய கே.யு.எஸ்.எஃப். என்ற நிலையம், 1977 முதல் பண்பலை 90.3-இல் ஒலித்தது. சம்பளம் வாங்காத தன்னார்வலர்களே பெரும்பாலும் நடத்தினார்கள். பெரிய நிலையங்கள் தொடாத உள்ளூர்ப் பாட்டுக் குழுக்களின் இசைத்தட்டுகளை இங்கே போட்டார்கள். சீன மொழி நிகழ்ச்சியும் உண்டு. 2011 ஜனவரி 18 காலை பத்து மணிக்கு, முன்னறிவிப்பு ஏதுமில்லாமல் ஒலிபரப்பை நிறுத்திவிட்டார்கள். அலைவரிசையை 37.5 லட்சம் டாலருக்கு, சாஸ்திரிய இசை ஒலிபரப்பும் ஒரு அமைப்புக்கு விற்க ஒப்பந்தம் போட்டாயிற்று என்று அப்புறம்தான் தெரிந்தது.

ஊரே கொதித்தது. இசைக்கலைஞர்கள் கூட்டங்களுக்கு வந்தார்கள், வழக்குச் செலவுக்காகக் கச்சேரி நடத்தி நிதி திரட்டினார்கள். விற்பனை வேண்டாம் என்று நகர மன்றமே தீர்மானம் போட்டது. முதல் பாட்டை ஒலிபரப்பிய இடத்தை யார்தான் மறப்பார்கள்? அதுதான் அவர்களுடைய 'ரேடியோ புகழ்'.

பல்கலைக்கழகத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. நிலையத்தில் மாணவர்களைவிட வெளியூழியர்கள்தான் அதிகம், எங்கள் பணம் மாணவர்களுக்குப் போகட்டும், வானொலி இணையத்தில் தொடரட்டும் என்றார்கள். இதை நான் லேசாகத் தள்ளமாட்டேன். கல்லூரிக் கணக்குப் பார்ப்பவர் அப்படித்தான் யோசிப்பார். ஆனால் அலைவரிசை கல்லூரியின் காலிமனை அல்லவே. வானலைகள் பொதுச்சொத்து என்று நம் உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. இணையத்தில் தொடரட்டும் என்பதும் அரைகுறைப் பதில்தான். இணையத்தில் தேடிப் போனவனுக்குத்தான் கிடைக்கும். ரேடியோ, அடுப்படியில் குமிழைத் திருகும்போது தானாக வந்து விழுவது.

நம் நாட்டில் இப்படி விற்க முடியாது. சமுதாய வானொலி உரிமத்தை அடுத்தவருக்கு மாற்றிக் கொடுக்க விதியில்லை. 2004 பிப்ரவரி 1-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் 'அண்ணா எஃப்.எம்.' தொடங்கியபோது, இந்தியாவின் முதல் வளாக சமுதாய வானொலி என்று நாமெல்லாம் பெருமைப்பட்டோம். பிறகு பெருந்துறை, கோவை, திருச்சி என்று பல கல்லூரிகள் நிலையம் வைத்தன. நூறு வாட் சக்தி, சுற்றிலும் சில கிலோமீட்டர் தூரம், அவ்வளவுதான். சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது, விளம்பரத்துக்கும் வரம்பு.

விற்க முடியாது என்பதால் நிம்மதியடைய வேண்டாம். நம் ஊர் ஆபத்து வேறு மாதிரி. ஆர்வமுள்ள பேராசிரியர் ஓய்வு பெறுவார். பழைய பேட்டிகளையே திரும்பத் திரும்பப் போடுவார்கள், இடையில் சினிமாப் பாட்டு. டிரான்ஸ்மிட்டர் பழுதானால் அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம் என்பார்கள். யாரும் நிறுத்தாமலே நின்றுபோகும். அன்றைக்குக் கல்லூரி வாசலில் வந்து நிற்க எத்தனை பம்பைக்காரர்கள் இருப்பார்கள்? எங்கள் மாவட்டத்தில் தெருக்கூத்துக் கலைஞர்களுக்குப் பஞ்சமில்லை. திரௌபதி அம்மன் திருவிழாவில் அர்ஜுனன் தபசு மரத்தில் ஏறும்போது விடிய விடியப் பாடுகிற தொண்டைகள் அவை. மழைக்காலத்தில் கூத்து இல்லாமல் சும்மா இருப்பவர்களைக் கூப்பிட்டு, மாணவர்களை விட்டு ஒலிப்பதிவு செய்தால் என்ன? வாரத்துக்கு ஒரு மணி நேரம் அவர்கள் பெயரைச் சொல்லி ஒலிபரப்பினால், நிலையத்துக்கு ஒரு ஆபத்து என்று கேட்டதும் பம்பையைத் தோளில் போட்டுக்கொண்டு பொம்மிடியில் ரயிலேறியாவது வந்துவிடுவார்கள். இப்போது எதற்காக வரவேண்டும்? அவர்கள் குரல் ஒருநாளும் அங்கே கேட்டதில்லையென்றால்?

சான்பிரான்சிஸ்கோக்காரர்கள் தோற்றார்கள். 2012 ஜூனில் மத்திய ஆணையம் விற்பனைக்கு அனுமதி கொடுத்துவிட்டது. ஆனால் கூட்டம் கலையவில்லை. இணையத்தில் நடத்திக்கொண்டே இருந்து, சில ஆண்டுகள் கழித்துச் சிறு சக்தி அலைவரிசை ஒன்றை இன்னொரு அமைப்போடு நேரம் பங்கிட்டு வாங்கிவிட்டார்கள். எண் 102.5. நம் தர்மபுரி ஆகாசவாணியின் எண்ணும் அதேதான். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து போய் ரேடியோவைப் போட்டேன்.